ஒடியாத வெண்டைக்காய்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. நடை திரும்பிவிட்டது. இடது கைக்கு மட்டும் எதைத் தொட்டாலும் தெரிவதில்லை.

"கண்ண மூடச் சொல்லி, விதவிதமான பொருளக் கையில குடுங்க. என்னன்னு அவரே சொல்லட்டும்" என்றார் பிசியோதெரபிஸ்ட்.

தினமும் பஞ்சு, சீப்பு, புளியங்கொட்டை என்று கொடுக்கிறேன். என் வாத்தியார் புத்தி போகுமா? அவர் கொஞ்சம் தயங்கினாலே விடையைச் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை இருவரும் சந்தைக்குப் போனபோது, காய்கறிக்கடை முருகாயியிடம் இதைச் சொன்னேன்.

"நீங்க செத்த நேரம் பேசாம இருங்க டீச்சர். அண்ணே, கண்ண மூடுங்க" என்று அவர் இடது கையில் ஒரு காயை வைத்தாள்.

விரல்கள் மெதுவாக அதைத் தடவின. நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"சொணை குத்துதே... வெண்டைக்காயா?"

சொன்ன கையோடு, பழைய பழக்கத்தில் கட்டைவிரலால் நுனியை ஒடித்துப் பார்த்தார். காய் வளைந்ததே தவிர ஒடியவில்லை.

"முத்தல். வேணாம்த்தா."

"நுனிய ஒடிக்கிறவுகள நான் கடப்பக்கமே அண்ட விடமாட்டேன். உங்க கைக்கு உசுரு வந்ததும் என் யாவாரத்துலயா வந்து நிக்கணும்?" என்று திட்டிக்கொண்டே, முருகாயி கூடையை அவர் பக்கம் நகர்த்தினாள். "இந்தாங்க, இன்னும் நாலு ஒடிங்க."

நாலோடு நிற்கவில்லை. அவர் ஒடித்துப் பார்த்ததையெல்லாம் நான்தான் வாங்கி வந்திருக்கிறேன். முக்கால்வாசி முத்தல்.

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள இதில் என்ன வெஞ்சனம் வைக்கலாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.