கொறடும் கடுகளவு சிவப்பும்

வயரிங்காரனோடு வண்டியில் ஏறிப் போய்விட்டாள் என்று சொல்கிற வாய்களுக்கு முதலில் ஒரு திருத்தம். ஏறிப் போனது அவன். ஓட்டிப் போனது அவள். பட்டப்பகலில், கடை நிறைய ஆள் நிற்கும்போது, முன்வாசல் வழியாகத்தான் போனாள். ஓடிப்போகிறவள் ஹெல்மெட் எங்கே என்று தேடிக்கொண்டு நிற்பாளா? அவள் தேடினாள். மாட்டிக்கொண்டுதான் கிளம்பினாள்.

நகத்துக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு போனாளாம், நாலு பேர் பார்த்தார்களாம். சிவப்பைப் பார்த்தது நிஜம். பூசிக்கொண்டாள் என்பது பொய். அது எப்படி என்று பொறுமையாகக் கேட்டால் விளங்கும். பொறுமை இல்லாதவர்கள் எதிர்க்கடைத் தையல்காரியிடம் போய்க் கேட்டுக்கொள்ளலாம். அவள் இருக்கிற துணிக்கு மேலே ரெண்டு முழம் சேர்த்தே தைத்துக் கொடுப்பாள்.

தெருவில் அவளுக்குக் கொறடு என்று பேர். பிடித்தால் விடமாட்டாள் என்பதற்காக வைத்தது. மாமனார் நடத்துகிற ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடி வீட்டில் மருமகளாக வந்து இறங்கினவள். வந்த முதல் வாரம் முழுக்க, சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஊர் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அந்த வீட்டில் அவளுக்குக் கால் தரிக்கவில்லை. கூட்டின இடத்தையே மறுபடி கூட்டுவாள். மடித்த துணியைப் பிரித்து மடிப்பாள். மாமியார் ரெண்டு நாள் பார்த்தாள்.

"ஏம்மா, தரை தேய்ஞ்சு கீழ இருக்கற கடை தெரிஞ்சிடப் போகுது. கடையில போய்க் கொஞ்சம் உக்காரு."

உட்காரச் சொல்லி அனுப்பினாள். போனவள் உட்காரவே இல்லை.

கடையில் சாமான் அடுக்குவதற்கு மாமனார் ஒரு சட்டம் வைத்திருந்தார். கொறட்டோடு கொறடு, சுத்தியலோடு சுத்தியல் என்று அடுக்க மாட்டார். நாட்டுக்கு ஒரு தட்டு. பேர் பெற்ற நாட்டுச் சாமான் மேல்தட்டில், கண்ணாடிக்குள். பரவாயில்லை என்று சொல்லப்படுகிற நாடு நடுத்தட்டில். வாய்விட்டுச் சொல்லவே எல்லோரும் கூசுகிற நாடு கீழ்த்தட்டில், காலடியில். வருகிற தச்சரும் குழாய்க்காரரும் அந்தச் சட்டத்துக்குப் பழகிப்போனார்கள். "மேல்தட்டு ஸ்பேனர் ஒண்ணு எடுங்க" என்று நிமிர்ந்து கேட்பார்கள். கை இறுக்கமான நாளில் குரலைத் தாழ்த்தி, "கீழ என்ன இருக்கு?" என்பார்கள், கேட்கக்கூடாததைக் கேட்கிற மாதிரி.

"ஏன் மாமா, இது நல்லதுன்னு எப்படித் தெரியும்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"கைப்பிடியில நாட்டுப் பேரு அடிச்சிருக்கு பாரு. அதுக்கு மேல என்ன தெரியணும்?"

"அது எங்க பொறந்துச்சுன்னு சொல்லுது. வேலைக்கு ஆகுமான்னு சொல்லலையே."

"பொறப்பு நல்லா இருந்தா வேலையும் நல்லா இருக்கும். போய் ஆணியை எடை போடு."

ஆணியை எடை போட்டாள். பிறகு பின்னறைக்குப் போனாள். அங்கே சுவரோரம், இரும்பைக் கவ்விப் பிடிக்கிற ஒரு பழைய வைஸ் துருப்பிடித்துக் கிடந்தது. எண்ணெய் விட்டு அதை உயிர்ப்பித்தாள். அன்றிலிருந்து எந்தத் தட்டுப் பெட்டி வந்தாலும் முதலில் அவள் கைக்குத்தான். கொறட்டின் வாயை மூடி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பாள். பல்லுக்கு நடுவே வெளிச்சம் கசிந்தால் அது சோடை. திருப்புளியின் முனையை வைஸில் கடிக்கவைத்து முறுக்குவாள். சுத்தியலை விரலில் தொங்கவிட்டு ஆணியால் தட்டிக் காது கொடுப்பாள். அரத்தை இரும்புத் துண்டில் இழுப்பாள். கடித்தால் சரி, வழுக்கினால் ஓரம்.

தட்டுச் சட்டம் அவள் கையில் நிற்கவில்லை. மேல்தட்டு அரம் நிஜமாகவே நல்ல அரம்; அதை அவள் ஒருநாளும் மறைக்கவில்லை. கீழ்த்தட்டுத் திருப்புளி வெண்ணெய் மாதிரி வளைந்தது. ஆனால் அதே கீழ்த்தட்டில் வந்த ஒரு கொறடு, கண்ணாடிக்குள் இருந்ததைவிட அழகாகக் கம்பியைக் கடித்தது. ஒரே பெட்டியில் ஒரே நாட்டில் ஒரே நாளில் பிறந்த பன்னிரண்டில் மூன்று நொண்டியாக இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்ப்பதைத் தவிர வேறு வழி இல்லை என்று அவளுக்குப் புரிந்துபோனது. புரிந்த பிறகு தூக்கம் ஏது? விடிந்ததும் பின்னறையில் நிற்பாள்.

தேறினதற்கு அடையாளம் வேண்டுமே. கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த நகப்பூச்சு மூடி திறக்காமலே கிடந்தது. அதைத் தொட்டு, கைப்பிடியின் உள்பக்கத்தில், கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி வைத்தாள்.

அதை முதலில் கவனித்தது அந்த வயரிங்காரன்தான். அவளைவிட ஆறேழு வயது சின்னவன், பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறவன்.

"என்னக்கா, கொறட்டுக்கு அம்மை போட்டிருக்கா?"

"அது என் கை பட்டதுன்னு அர்த்தம் தம்பி. முறுக்கிப் பாத்து வச்சது."

"அப்ப எந்தத் தட்டா இருந்தா என்ன, உங்க கை பட்டதே எனக்குக் குடுங்க."

இந்தக் கடைசிப் பேச்சு மட்டும் தெருவைத் தாண்டித் தையல்காரி காதில் விழுந்தது. விழுந்தது விழுந்தபடியா இருக்கும்? சாயங்காலத்துக்குள் அதற்குக் கையும் காலும் முளைத்து நடந்தது.

வேலைக்காரர்கள் நாடு கேட்பதை விட்டார்கள். "புள்ளி வச்சது இருக்கா?" என்றார்கள். கீழ்த்தட்டில் கை நீண்டது. கண்ணாடிக்குள் தூசி படிந்தது. மாமனார் தினமும் அந்தத் தூசியைத் துடைத்தார். மாமியாரின் முழங்கால் வலிக்காக இவள் கடை வண்டியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் துணை போன ஒரு காலையில், அவர் நகப்பூச்சுப் புட்டியை எடுத்தார். மேல்தட்டுச் சாமான் அத்தனைக்கும் புள்ளி வைத்தார். பெரிய மனுஷன் கை. ஒவ்வொன்றும் பட்டாணி அளவு, வெளிப்பக்கமாக.

திரும்பி வந்தவள் பார்த்தாள். புட்டியில் பாதி காணோம். கண்ணாடிக்குள் சிவப்புச் சிவப்பாக இருந்தது. புருஷனிடம் போய்ச் சொன்னாள்.

"அப்பா சந்தோஷமா இருக்காரு, விடேன்" என்றான் அவன்.

விட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. எதையும் விடாதவள் அன்றைக்கு விட்டாள். மூன்று நாள் பின்னறைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நடந்துகொண்டே இருந்தாள்.

நாலாம் நாள் வயரிங்காரன் வந்தான். பஸ்ஸில் வந்திருந்தான். வலது கை மணிக்கட்டு வரை கட்டு. இடது கையால் ஒரு கொறட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். நடு மூட்டு ஆணியோடு பிளந்து ரெண்டாகக் கிடந்தது.

"கனமான கம்பிக்கா. அழுத்திப் பிடிச்சேன், படக்குன்னு போச்சு. உள்ளங்கையில ஒம்போது தையல்."

அவள் கைப்பிடியைத் திருப்பினாள். வெளிப்பக்கம், பட்டாணி அளவு.

"இது நான் வச்ச புள்ளி இல்ல தம்பி."

"எனக்கு எப்படிக்கா தெரியும்? சிவப்பா இருந்துச்சு, வாங்கினேன்." அவன் கோபமாகப் பேசவில்லை. "உங்கள ஒண்ணும் சொல்லல. ஒத்துக்கிட்ட வீட்டு வயரிங் பாதியில நிக்குது. திங்கக்கிழமைக்குள்ள முடிக்கலன்னா வேற ஆளை வச்சுக்கறேன்னுட்டாங்க. அதான் என்ன பண்றதுன்னு தெரியாம வந்தேன்."

அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள்.

"மாமா, நீங்க வச்ச புள்ளிய எல்லாம் அழிச்சிடுங்க."

"எதுக்கு? ஒண்ணு ரெண்டு உடையறதுதான். எந்த நாட்டுச் சாமான்னு பாத்தியா?"

"பாத்தேன். நாடு நல்ல நாடுதான். இந்தக் கொறடு நல்லது இல்ல. நீங்க முறுக்கிப் பாக்காம என் பேரை வச்சிட்டீங்க."

"உன் பேரா? கடை என்னோடது. புள்ளியும் கடையோடது."

"என்னையும் எந்த ஊருன்னு கேட்டுட்டுத்தானே கொண்டாந்தீங்க. நான் எந்தத் தட்டு மாமா?"

ஒரு குழாய்க்காரர் சிரித்துவிட்டு இருமினார். அவள் புருஷன் எண்ணிக்கொண்டிருந்த ஆணியை முதலிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தான்.

அவள் பெயிண்ட் அலமாரியிலிருந்து, சாயம் கரைக்கிற தின்னர் டப்பாவை எடுத்தாள். பழைய துணி ஒன்றை எடுத்தாள். கண்ணாடிக் கதவைத் திறந்து ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தாள். மாமனார் துணியைப் பிடுங்கினார். அவள் முந்தானையால் துடைத்தாள். கடைசிக் கொறடு வரைக்கும் விடவில்லை. நடுத்தட்டிலும் கீழ்த்தட்டிலும் தான் வைத்ததையும் சேர்த்தே துடைத்தாள். இனி எந்தச் சிவப்பைப் பார்த்து எவன் நம்புவான்? எல்லாச் சாமானும் பிறந்தபடி நின்றது.

முடித்துவிட்டு, கீழ்த்தட்டிலிருந்து தான் சோதித்த ஒரு கொறட்டை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"வா தம்பி. நீ வாயால சொல்லு, நான் கையால செய்யறேன். திங்கக்கிழமைக்குள்ள முடிச்சிடலாம்."

"அக்கா, உங்களுக்கு வயரிங் தெரியாதே."

"கொறடு பிடிக்கத் தெரியும். மத்தத நீ சொல்லப்போற."

"படியத் தாண்டினா திரும்பி வர வேண்டாம்" என்றார் மாமனார்.

அவள் நின்றாள். புருஷனைப் பார்த்தாள். அவன் ஆணியில் இருந்தான். அப்போது மாமியார் மாடிப்படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி வந்து, கடை வண்டிச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"வண்டிய யாரைக் கேட்டுக் குடுக்கற?" என்றார் அவர்.

"யாரைக் கேட்கணும்? என் பேர்லதானே இருக்கு." மருமகளிடம் திரும்பி, "ஹெல்மெட் கதவுக்குப் பின்னால இருக்கும், பாரு" என்றாள்.

இருந்தது. மாட்டிக்கொண்டாள். வயரிங்காரன் கட்டுப்போட்ட கையை மேலே தூக்கிப் பிடித்தபடி, அவளைத் தொடாமல், பின்கம்பியைப் பிடித்து உட்கார்ந்தான். தையல்காரி மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தாள். வண்டியின் கைப்பிடியில் அவளுடைய பத்து விரலும் தெரிந்தன. தின்னரில் கரைந்து நகக்கண் வரை ஊறின சிவப்பு.

கிக்கரை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். வண்டி கிளம்பிவிட்டது.