பந்தலில் அம்மா கேட்ட கேள்வி

வயிற்றின் மேல் ஈரப் பென்சில் ஓடும்போது முதலில் கூசும், பிறகு குளிரும், கோடு முடிவதற்குள் தோல் ஒருமுறை தானாகச் சுருங்கி விரியும். தண்ணீரில் நனைத்து எழுதினால் ஊதாவாகப் பதிகிற பென்சில் அது. டாக்டர் இடப்பக்கம் விலா எலும்புக்குக் கீழே விரல்களை அமுக்கி, உள்ளே கல்லைப் போலத் தட்டுப்படும் மண்ணீரல் எதுவரை வளர்ந்திருக்கிறது என்று பார்த்து, அதன் ஓரத்தைக் கோடாக வரைவார். “வயித்துல ரோடு போடுதாங்க” என்போம் நாங்கள். எங்கள் ஊரில் பாதிப் பிள்ளைகளின் வயிற்றில் அந்த ரோடு இருந்தது.

குற்றாலத்துக்கு வடக்கே, மலையை ஒட்டிக் கிடந்த சிற்றூர் எங்களுடையது. உடம்பு தேற வேண்டும் என்று வெளியூர்ச் சீமான்கள் அருவிக்குக் குளிக்க வந்த அதே சாரல் மாதங்களில்தான் எங்களுக்கு உடம்பு போயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கிக்கொண்டு வருகிற “முறைக்காச்சல்” சிலருக்கு விட்டுப்போகும், சிலரைக் கொண்டுபோகும், மிச்சப் பேருக்கு வயிற்றில் “காச்சக்கட்டி”யை வைத்துவிட்டுப் போகும். நிலவேம்புக் கஷாயத்தைத் தவிர அதற்கு வேறு மருந்து உண்டு என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷம், ஆனி மாதத்தில், பல தேசத்து டாக்டர்கள் ஒன்றாகச் சேர்ந்து இந்தக் காய்ச்சலை ஆராய வந்தார்கள். குற்றாலத்தில் ஒரு பங்களாவில் தங்கிக்கொண்டு, சுற்றியிருந்த ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நிறுத்தி வயிற்றை அமுக்கினார்கள், விரலில் ஊசி குத்திக் கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுத்தார்கள். கட்டியை விரற்கடைக் கணக்கில்தான் அளந்தார்கள். எனக்கு ஒரு விரல். என் தம்பி சுப்பையாவுக்கு, அவனுக்கு அப்போது ஆறு வயது, நாலு விரல். அதில் அவனுக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. கோடு அழிந்துவிடும் என்று மூன்று நாள் குளிக்க மாட்டேன் என்றான். வெள்ளைத் தலைமுடியோடு உயரமாக இருந்த ஒரு துரை, அவனைச் சுவரோரம் நிற்க வைத்துப் படம்கூடப் பிடித்தார். இவ்வளவும் நடந்தது, ஒருவர் கையிலும் ஒரு மாத்திரை கொடுக்கவில்லை. இன்று நினைத்தாலும் அந்த இடத்தில் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

ஆடி பிறந்ததும் தண்டோரா போட்டார்கள். ஆராய்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்கிப் படம் காட்டப்போகிறார்களாம், எல்லாரும் வர வேண்டுமாம். அருவிக்குப் போகிற சாலையில் பந்தல் போட்டு, வெளிச்சம் வராமல் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அப்பா மலைக்கு அந்தப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலையாக இருந்ததால், நடவுக் கூலியை ஒருநாள் விட்டுவிட்டு அம்மாதான் எங்கள் இருவரையும் கூட்டிப் போனாள்.

நான் பொய் சொல்லக் கூடாது. அந்தப் படங்கள் எனக்குப் பிடித்திருந்தன. யானை அளவுக்குக் கொசு ஒன்று திரையில் வந்து நின்றபோது முன்வரிசைப் பெண்கள் அலறி எழுந்தார்கள். பிறகு உலகப் படம் வந்தது. எங்கள் காய்ச்சல் இருக்கிற நாடுகளுக்கெல்லாம் ஒரே நிறம் தீட்டியிருந்தது. எங்கேயோ கடலுக்கு அப்பால் ஒரு பெண், என்னைப் போலவே மெலிந்த கையும் உப்பின வயிறுமாக நின்றாள். அவள் வயிற்றிலும் அதே கோடு. அவளோடு பேச முடிந்தால் என்ன கேட்கலாம் என்றுகூட யோசித்தேன். அடுத்த படம் சுப்பையா.

“ஏலே, அது நாந்தாம்லே!” என்று அவன் கத்தினான். பந்தல் முழுக்கச் சிரித்தது.

படங்களுக்கு இடையே துரை பேசியதைத் தமிழில் சொன்னவர் ராமலிங்கம் சார். தென்காசியில் பெரிய பள்ளிக்கூடத்தில் வாத்தியார், மேடையென்றால் கூப்பிடுகிற ஆள். துரை நிறுத்தி நிறுத்தி ஏதோ விளக்குவார். சார் எழுந்து அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, விஞ்ஞானப் பேரொளி என்றும் உலக சகோதரத்துவம் என்றும் முழங்குவார். துரை என்ன செய்யச் சொன்னார் என்பது எங்களுக்குக் கடைசிவரை வந்து சேரவில்லை.

முடிவில் சார், “துரைமார்கிட்ட சந்தேகம் கேக்கணும்னா கேக்கலாம்” என்றார். அம்மா எழுந்தாள். சுப்பையாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“வயித்தத் தொட்டுப் பாத்தாச்சு, படமும் புடிச்சாச்சு. இந்தப் புள்ளைக்கு மருந்து உண்டுமா, இல்லியா? உண்டும்னா எங்கன போய் வாங்கணும்? அத மட்டும் கேட்டுச் சொல்லுங்கய்யா.”

சார் துரையின் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னார். என் ஐந்தாம் வகுப்பு மிஷன் பள்ளிக்கூட இங்கிலீஷுக்கு எட்டுகிற சொற்கள்தாம் அவை. “திஸ் மதர் இஸ் வெரி ஹாப்பி. ஷி தேங்க்ஸ் யூ.”

துரையின் முகம் மலர்ந்துவிட்டது. மேடையிலிருந்து இறங்கி வந்து, அம்மாவுக்கு முன்னால் குனிந்து இரண்டு கையையும் கூப்பினார். கைதட்டல் ஓயவே இல்லை. அம்மா கைதட்டவில்லை, கும்பிடவுமில்லை, பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். சார்தான் சொன்னார்: “தபால்ல எழுதி அனுப்புவாகளாம். நீ உக்காரும்மா.”

திரும்பி நடக்கும்போது அம்மா கேட்டாள். “ஏட்டி, நீ இங்கிலீசு படிக்கியல்லா? அந்தத் தொரை என்னத்துக்கு நம்மளக் கும்பிட்டாரு?”

“தெரியலம்மா” என்றேன். எனக்குத் தெரியும். ஆனால் அவ்வளவு பெரிய சார் தப்பாகச் சொல்லியிருப்பாரா, எனக்குத்தான் புரியவில்லையோ என்று பயந்தேன். அவர் மேல் இருக்கிற கோபத்தில் ஒரு பங்கை அன்றிலிருந்து எனக்கும் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

டாக்டர்கள் மறுநாளே ரயிலேறிக் கொல்லத்துக்குப் போய்விட்டார்கள். அம்மா தபாலுக்குக் காத்திருந்தாள். ஆவணி முழுக்க, புரட்டாசி முழுக்க, தபால்காரர் எங்கள் தெருவைத் தாண்டும்போதெல்லாம் வாசலுக்கு வந்தாள். ஐப்பசி மழையில் சுப்பையாவுக்குக் காய்ச்சல் திரும்பவும் வந்தது. இந்தத் தடவை விட்டு விட்டு வரவில்லை, ஒரேயடியாகக் கொதித்தது. அன்றைக்குத்தான் நான் அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். அம்மா என்னை அடிக்கவில்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, மழையில் தென்காசி ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன்.

அங்கே இருந்த டாக்டர் நல்ல மனிதர். தம்பியின் கண்ணை விரித்துப் பார்த்தார், வயிற்றைத் தொட்டார். “கொயினா மருந்து இங்கனயே இருக்கேம்மா. ஆடியிலேயே கொண்டு வந்திருக்கலாம்லா?” என்றார்.

அவ்வளவுதான் பதில். தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போ என்று ஒரு வரி. சார் கேட்டிருந்தால் அந்த வெள்ளைத்தலைத் துரை நின்ற இடத்திலேயே சொல்லியிருப்பார். கசப்பு மருந்தை மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். நாலாம் நாள் விடிகையில் சுப்பையா போய்விட்டான்.

பதினாறாம் நாள் கழிந்ததும் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு சார் வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் ஈசிச்சேரில் உட்கார்ந்திருந்தார்.

“நான் கேட்டத அவருகிட்ட சொன்னீரா, இல்லியா?”

சாருக்கு ஞாபகம் வரக் கொஞ்ச நேரமாயிற்று. வந்ததும் எரிச்சல்பட்டார். “நாலு தேசத்துப் பெரிய மனுசங்க கூடியிருக்க இடத்துல மருந்து குடுன்னு பிச்ச கேக்கச் சொல்லுதியா? நம்ம ஊரப் பத்தி என்ன நெனைப்பாவ? ஒன் மானத்தையும் சேத்துத்தானே நான் காப்பாத்துனேன்!”

“எம் மானத்த நான் பாத்துக்கிடுவேன். என் வாயில வந்ததை நீரு எதுக்குவே முழுங்குனீரு?”

அவரை “வே” போட்டு அந்தத் தெருவில் யாரும் பேசியதில்லை. பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். சார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அம்மா “வாட்டி” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.

நான் நர்ஸானது சேவை மனப்பான்மையால் என்று என்னைப் பாராட்டிப் பேசுவோர் உண்டு. கோபத்தால்தான் ஆனேன். முப்பது வருஷம் ரத்தம் எடுக்கப் போன வீடுகளில், எதற்காக எடுக்கிறேன், அடுத்து எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லாமல் நான் வாசலிறங்கியதில்லை.

ராமலிங்கம் சார் நிறைந்த வயசில் போன வருஷம் காலமானார். உலக விஞ்ஞானத்தைப் பாமர மக்களிடம் கொண்டுசேர்த்தவர் என்று அவருக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அந்தக் குற்றாலக் கூட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்களில் மிஞ்சியிருப்பது நான்தான் என்று என்னிடம் கட்டுரை கேட்டார்கள். இதைத்தான் எழுதிக் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். “ஆச்சி, எல்லாம் நல்லாருக்கு. அந்தக் கேள்வி கேக்க எடத்த மட்டும் எடுத்திட்டா போட்டிரலாம்” என்றார்கள். கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

பந்தல் போட்ட இடத்தில் இப்போது வரிசையாக லாட்ஜுகள். துரைகள் தங்கிய பங்களாவை இடித்துவிட்டார்கள். அந்தக் காய்ச்சலும் எங்கள் பக்கம் அற்றுப்போய்விட்டது. காச்சக்கட்டி என்ற சொல்லைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் விழிக்கிறார்கள். போனவற்றில் எதற்காகவும் நான் ஏங்கவில்லை. சாரின் பெயரை மலரில் எத்தனை பக்கத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். அன்று அத்தனை பேருக்கு நடுவில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்து நின்றவளுக்கும் ஒரு பெயர் உண்டு. அவள் பெயர் முத்தம்மாள்.