அடி தெரியாத தண்ணீர்

மன்னாரில் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். நீச்சல் குளத்தில் இறங்கப் போன எங்களைப் பொறுப்பாளர் மறித்தார்.

"தண்ணி கலங்கிக் கிடக்கு. அடி தெரியேல்லை, இறங்காதீங்கோ."

எனக்கு உடனே சந்தேகம். முதல்நாள்தான் வெள்ளைக்காரர் சிலர் அதில் குளித்ததைக் கண்டிருந்தேன். நாங்கள் முள்ளிக்குளத்து மீன்பிடிக் குடும்பம் என்றதும் புதுச்சட்டமா?

"கலங்கின கடலிலயே தொழில் செய்யிற ஆக்கள் நாங்கள். இது இடுப்பளவுத் தண்ணி!" என்றார் என் கணவர். எல்லோரும் இறங்கிவிட்டோம்.

சற்று நேரத்தில் சின்ன மகளைக் காணவில்லை. கரையிலும் இல்லை. குனிந்து பார்த்தால் என் கால்களே எனக்குத் தெரியவில்லை. பிள்ளை தண்ணீருக்குள் கிடக்கிறாளா, இல்லையா? ஒருவராலும் சொல்ல முடியவில்லை. பொறுப்பாளர் உடுப்போடு குதித்தார். எல்லோரும் கைகளால் துழாவினோம்.

அப்போது சமையல் நடக்கும் குசினிப் பக்கமிருந்து அவளுடைய சத்தம்: "அம்மா, இந்தக் கழுதை பாண் தின்னுது!"

தெருவில் திரியும் கழுதையொன்றுக்குப் பாண் துண்டு நீட்டிக்கொண்டு நின்றவளை ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். நனைந்து நின்ற பொறுப்பாளரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இப்போதெல்லாம் எந்தக் குளமானாலும் முதலில் அடி தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரியாவிட்டால் பிள்ளைகளைக் கால் நனைக்கவும் விடுவதில்லை. அந்த மனிதர் மேல் வைத்த சந்தேகத்தை இப்போது தண்ணீர் மேல் வைத்திருக்கிறேன்.