சண்டாஸ் சொசைட்டி மதீனா பீவி

மதீனா பீவி எதற்கும் பயப்படாதவள் என்று பம்பாய் சீத்தா கேம்பில் சொல்வார்கள். அது பொய். பல்லியைக் கண்டால் கட்டிலில் ஏறி நின்றுகொள்வாள். மனிதர்களிடம்தான் அவளுக்குப் பயம் வருவதில்லை; அதிலும் கையில் ஃபைலோடு வருகிற மனிதர் என்றால் சுத்தமாக வராது. எழுபத்தாறில் சர்க்கார் பழைய குடிசைகளை இடித்து, ஆட்களை லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து இந்தச் சேற்றில் இறக்கிவிட்டார்களே, அன்றைக்கே போய்விட்டது. "ஒருமட்டம் தூக்கிப் போட்டாச்சு. இனி எங்க போடுவாக, கடல்லயா?" என்பாள்.

கடையநல்லூர்க்காரி. புருஷன் ஷேக் பரீதுக்குத் தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறை. மூன்று பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. நாற்பத்தைந்து வயதில் காலை நீட்டி உட்கார வேண்டியவள், பொதுக் கழிப்பறையிலிருந்து அடுப்பெரிக்கிற சங்கத்துக்குத் தலைவி ஆனாள்.

அதற்குக் காரணம் மர்யம். எதிர்வீட்டுப் பெண், இருபத்திரண்டு வயது. பம்பு ஸ்டவ் வெடித்துச் செத்துப்போனாள். அணைக்க ஓடியதில் மதீனாவின் இடது கையும் வெந்தது. மாட்டுங்காவிலிருந்து குர்லாவில் வண்டி மாறி கோவண்டிக்கு வந்து ஞாயிறுதோறும் முதியோர் வகுப்பு நடத்திய ஜம்பு சார், ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன், மலக்கிணற்றிலிருந்து எரிவாயு எடுக்கலாம் என்று கரும்பலகையில் படம் போட்டபோது மற்றவர்கள் மூக்கைப் பொத்திச் சிரித்தார்கள். மதீனா மட்டும் சிரிக்கவில்லை. "இது வெடிக்குமா சார்?" என்று கேட்டாள். ஸ்டவ்வைப் போல வெடிக்காது, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் போதும் என்றார் அவர். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். எண்பத்தைந்தில் இருபது அறைக் கழிப்பறையும் பின்னால் வட்டக் கிணறும் வந்தன. கிணற்றின்மேல் கவிழ்த்த இரும்பு டிரம். வாயு சேர்ந்தால் டிரம் எழும்பும், செலவானால் இறங்கும். சங்கத்துப் பெண்கள் ஒன்பது பேர் முறைவைத்துக் கழுவினார்கள், வால்வைத் திறந்தார்கள், குழாயில் கசிவு பார்த்தார்கள். கூலி கிடையாது. பதினான்கு வீடுகளில் காலையும் மாலையும் நீல நெருப்பு எரிந்தது.

ஊர் சும்மா இருக்குமா? நல்ல பெயர் ஒன்று போர்டில் எழுதியிருக்க, எல்லோரும் சண்டாஸ் சொசைட்டி, அதாவது கக்கூஸ் சங்கம் என்றே கூப்பிட்டார்கள். அந்த நெருப்பில் ஆக்கின சோறு நஜீஸ், அசுத்தம் என்று மண்ணெண்ணெய் டிப்போ கலீலுல்லா கடைவாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார். மதீனா அங்கேயே நின்று பதில் சொன்னாள்.

"எரிஞ்ச பொறவு என்னத்த நஜீஸ், பாய்? நீங்க திங்கிற கீரை எந்தச் சாக்கடைத் தண்ணியில வளருதுன்னு ரயில்ல போகும்போது தண்டவாளத்து ஓரமா எட்டிப் பாருங்க."

கலீலுல்லாவின் வீட்டில் அப்புறம் ஒரு மாசம் கீரை வாங்கவில்லை என்று கேள்வி.

இத்தனை வாய் படைத்தவள்தான் எண்பத்தாறு பிப்ரவரியில் அந்தக் காரியத்தைச் செய்தாள். இடம் கொடுத்த இலாகாவிலிருந்து பெரிய அதிகாரி பார்வைக்கு வருவதாகத் தகவல். தண்ணீரும் தேங்காய் நாரும் தவிர எதையும் போட்டுக் கழுவக் கூடாது என்று ஜம்பு சார் சுவரில் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தார். ஆனால் விருந்தாளி வரும்போது பினாயில் மணக்காத வீடு ஒரு வீடா? மாப்பிள்ளை வீட்டார் வருகிறாற்போல மதீனா பரபரத்தாள். ஆறு டப்பா பினாயில், ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடர்.

"லாத்தா, சார் வேண்டாம்னு எழுதிருக்காரே?" என்றாள் சபுரா. மதீனாவுக்குக் கூடப்பிறந்த தங்கை மாதிரி. சங்கத்தில் அவளுக்கு அடுத்தவள்.

"அது அன்னாடத்துக்கு எழுதுனது. நீ ஊத்துளா."

அதிகாரி வந்தார், மோந்து பார்த்தார், ஷாபாஷ் என்றார். டிரம்மில் மிச்சமிருந்த வாயுவில் டீ போட்டுக் கொடுத்தார்கள். நாலாம் நாள் டிரம் இறங்கியது. ஆறாம் நாள் தரைதட்டி நின்றது. ஞாயிற்றுக்கிழமை வந்த ஜம்பு சார் கிணற்றை எட்டிப் பார்த்து, பினாயில் வாடை அடித்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிதாம்மா கேஸ் பண்றது. அத்தனையையும் கொன்னுட்டேளே."

மதீனா அன்று சாப்பிடவில்லை. மர்யமின் மாமியார் தெருவில் மறுபடி ஸ்டவ்வுக்குப் பம்பு அடிக்கும் சத்தம் கேட்டபோது, தன் கையாலேயே மூட்டிவிட்டதைப் போல இருந்தது அவளுக்கு.

கேஸ் நின்றுபோயிற்று என்று கலீலுல்லா இலாகாவுக்கு மனு போட்டார்; அந்த இடம் அவருக்கு டிப்போ விரிக்க வேண்டியிருந்தது. அதிகாரி திரும்பி வந்தார், இம்முறை டைப் அடித்த தாளோடு. இயந்திரம் கோளாறு, நடத்த முடியவில்லை, இடத்தை ஒப்படைக்கிறோம் என்று சங்கமே சொல்வதாக அதில் இருந்தது. கையெழுத்துப் போட்டால் யாருக்கும் கெட்ட பெயர் இல்லை என்றார்.

"எந்திரத்துல குத்தம் இல்ல சாப்," என்றாள் மதீனா. "பினாயில் ஊத்தச் சொன்னது நான். அத வேணா எழுதுங்க, கையெழுத்துப் போடுதேன்."

கூட்டமாக நின்றவர்கள் முன்னால் சொன்னாள். அதிகாரி தாளை மடித்து ஃபைலில் வைத்துக்கொண்டார். ஒரு மாசம் தவணை, அன்றைக்கு அடுப்பு எரியாவிட்டால் பூட்டி சீல் வைப்பேன் என்று சொல்லிப் போனார். வால்வுக்கு மட்டுமல்ல, கழிப்பறைக்கும் சேர்த்துத்தான் சீல்.

கிணற்றில் கெட்டுப்போனதை அள்ளி வெளியேற்ற வேண்டும், எருமைச் சாணம் கரைத்து ஊற்ற வேண்டும். அள்ளுவது யார்? வழக்கமாக அதற்கென்று சில சாதிக்காரர்களைத்தான் கூப்பிடுவார்கள். ஆள் கூப்பிடப் போனவர்களை மதீனா தடுத்தாள். "கெடுத்தது நாம. நாமளே அள்ளுவோம்." ஒன்பது பேரில் மூன்று பேர் அத்தோடு நின்றுகொண்டார்கள். அவர்களை அவள் திட்டவுமில்லை.

டிரம்மைச் சங்கிலி போட்டுத் தூக்கி ஒதுக்கிவைத்துவிட்டு, கயிறு கட்டிய வாளியால் மேலே நின்றபடியே இறைத்தார்கள். ஒரு தலைகூடக் கிணற்று விளிம்பைத் தாண்டக் கூடாது, உள்ளே விஷக்காற்று என்று ஜம்பு சார் குடையோடு காவல் நின்றார். அள்ளியதைக் குழிவெட்டி மண்போட்டு மூடினார்கள். கோவண்டியில் தபேலா என்கிற எருமைக் கொட்டகையிலிருந்து சாணத்தைக் கைவண்டியில் ஏற்றி, பட்டப்பகலில், கடைத்தெரு வழியாகத் தள்ளிக்கொண்டு வந்தாள் மதீனா. சுற்றுவழி இருந்தது. அவள் போகவில்லை.

ஷேக் பரீத் அன்றைக்குச் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். "ஏளா, பட்டறையில ஒருத்தனும் எங்கூட டீ குடிக்க மாட்டேங்கான். உனக்கு வெக்கமா இல்ல?"

"மர்யத்தக் கொண்டுபோனப்ப சந்தூக்குல ஒரு காலத் தூக்குனது நீங்கதான. எம்புட்டு கனம் இருந்துச்சு?"

வெந்து கரிந்து போனவள் கிடந்த பாடைக்கு என்ன கனம் இருக்கும்? ஷேக் பரீத் தட்டை இழுத்துக்கொண்டார். மறுநாள் கைவண்டியின் பின்னால் ஒரு கை கூடியிருந்தது, அது அவருடையது.

தவணை நாளுக்கு நாலு நாள் முன்பு டிரம் எழும்பியது. ஆனால் தீக்குச்சி வைத்தால் பற்றவில்லை, குச்சிதான் அணைந்தது. முதலில் வருவது கெட்ட வாயு, அதைத் திறந்துவிட வேண்டும், இன்னும் ஒரு வாரமாவது ஆகும் என்றார் ஜம்பு சார். அதிகாரிக்குக் கடிதம் போட்டார். பதில் இல்லை.

சொன்ன நாளில் அதிகாரி பூட்டு, அரக்கு, இரண்டு சிப்பந்திகளோடு காலை ஏழு மணிக்கே வந்துவிட்டார். வால்வு அறைக்குப் போகப் பெண்கள் பக்கத்து நடைவழி ஒன்றுதான். அந்த நடைவழியில், தினமும் நிற்கிறபடி, கையில் தண்ணீர் டப்பாவோடு பெண்கள் நின்றார்கள். மற்ற நாளில் இருபது பேர் நிற்பார்கள். அன்று அறுபது பேர். சங்கத்தைவிட்டுப் போன மூன்று பேரும் இருந்தார்கள். கலீலுல்லாவின் மனைவி பீவி பேகமும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நடுவில் நின்றாள். அவளுக்கும் போக வேறு இடம் ஏது?

அதிகாரி விலகச் சொன்னார். வரிசையின் முன்னால் நின்ற மதீனா தன் பம்பாய் ஹிந்தியில் நிதானமாகச் சொன்னாள்: "லைன் ஹை, சாப். பீச்சே ஜாவோ."

வரிசை இருக்கிறது, பின்னால் போய் நில்லுங்கள். அவ்வளவுதான். யாரும் சிரிக்கவில்லை, யாரும் கோஷம் போடவில்லை. அதிகாரி வரிசையின் கடைசியைப் பார்த்தார். அங்கே நிற்பதா, அல்லது டப்பாவோடு நிற்கும் பெண்களைத் தொட்டு விலக்குவதா? ஒருத்தி உள்ளே போவாள், கதவைச் சாத்துவாள், ஆற அமர வருவாள், மறுபடி கடைசியில் போய் நிற்பாள். பத்து மணி வெயில் ஏறும்வரை அவர் நின்று பார்த்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் சபுராவின் அடுப்பில் நெருப்பு பற்றியது. மதீனா அதன் முன்னால் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அத்தனை நாளும் அவளுக்குப் பயம் இருந்திருக்கிறது, அதை யாரிடமும் காட்டவில்லை.

ஜம்பு சார் இலாகாவுக்குப் போய் விசாரித்துவிட்டுக் கோபமாக வந்தார். பெண்கள் வரிசையைத் தாண்ட முடியவில்லை என்று எந்த அதிகாரி எழுதுவார்? குறித்த தேதியில் பூட்டி சீல் வைக்கப்பட்டது என்று எழுதி ஃபைலை முடித்துவிட்டாராம்.

"அநியாயம்மா. நாளைக்கே ஒரு மனு எழுதறேன், திருத்தச் சொல்லி."

மதீனா பால் பொங்காமல் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வேண்டாம் சார். பூட்டியாச்சுன்னு அவுகளே எழுதிட்டாகள்ல, இனி பூட்ட எவன் வருவான்?"