தங்கச்சி தலைக்கு மேல ஒரு வட்டம்

கல்யாணத்துக்கு ரெண்டே நாள். தானா ராத்தா டவுன்ல வாங்கின கல்யாண கேக்கை முன்சீட்டுல மகாராணி மாதிரி உக்கார வெச்சாச்சு. அதனால என் வீட்டுக்காரருக்குப் பின்சீட்டு. சும்மா வரக்கூடாதா மனுசன்? ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கிக் கட்டின தே தாரிக் தேத்தண்ணிப் பிளாஸ்டிக் பையைப் பல்லால கடிச்சாரு. அந்த நேரம் பார்த்து ஒரு வளைவு. தேத்தண்ணி அத்தனையும் கார் கூரைத் துணியில.

"தேயிலைத் தோட்டத்துல பொறந்து தேத்தண்ணி குடிக்கத் தெரியலையா உங்களுக்கு?" நான் போட்ட சத்தத்துல எதிர்ல வந்த காய்கறி லோரிக்காரனே எட்டிப் பார்த்தான்.

"நீ வளைச்ச வளைப்புக்கு என்னை ஏன்லா திட்டுற?"

கறை விழுந்தது சரியா கல்யாணப் பொண்ணு உக்கார வேண்டிய இடத்துக்கு மேல. பொண்ணு என் தங்கச்சி. ஜொகூர்ல இருந்து மாப்பிள்ளை வீட்டுல பெரிய புதுக் காரே அனுப்புறோம்னாங்க. இவதான், "சர்ச்சுக்கு எங்கக்கா கார்லதான் போவேன்"னு ஒத்தக் கால்ல நின்னா. என் காரால அவங்க முன்னாடி அவ தலை குனியக் கூடாதே!

வீடு வந்ததும் இவரு வாளித் தண்ணியும் பிரஷுமா ஓடி வந்தாரு. "கிட்ட வந்தீங்க, அவ்வளவுதான்!" அந்தக் கூரைத் துணியை அடியில ஸ்பான்ஜ் வெச்சுப் பசை போட்டு ஒட்டியிருப்பாங்க. தண்ணி இறங்குச்சுன்னா பசை விட்டுடும். எங்க தோட்டத்து ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி அப்படித்தான் தேய் தேய்னு தேய்ச்சு, இப்ப துணி தொங்கி, தலையில முட்டுற பந்தலுக்குக் கீழ கார் ஓட்டுறாரு. கல்யாணத்துக்குப் பந்தல் வெளிய போட்டாப் போதும், காருக்குள்ள வேணாம்.

சோப்பைக் கலக்கி, நுரையை மட்டும் துணியில அள்ளி, ஒத்தி ஒத்தி எடுத்தேன். தேய்க்கவே இல்ல. அப்புறம் நல்லாப் பிழிஞ்ச ஈரத்துணியால சோப்பை எடுத்து, காய்ஞ்ச துணியை வெச்சு அமுக்கினேன். இவரு துணி மாத்தி மாத்திக் குடுத்தாரு, பாவம். இந்த மலைப் பனியில எது காயுது? மறுநாள் பூரா கண்ணாடியை இறக்கிவிட்டு, வெயில் எட்டிப் பார்த்த பக்கமெல்லாம் காரை நகர்த்தி நகர்த்தி நிறுத்தினோம்.

சாயங்காலம் பார்த்தா கறை போயே போச்சு. துணியும் தொங்கல. ஆனா, ஐயோ! துடைச்ச இடம் மட்டும் வட்டமா, பளிச்சுன்னு வெள்ளை. சுத்தி மிச்சக் கூரை பூரா இத்தனை வருச அழுக்கு! அதையும் துடைச்சா விடியறதுக்குள்ள காயாது. அப்படியே விட்டுட்டேன்.

மறுநாள் வெள்ளைச் சேலையும் தலையில நெட்டு முக்காடுமா அவ ஏறி உக்காந்தா. படம் பிடிக்கிறவரு கதவோரம் குத்துக்காலிட்டுக் கீழேயிருந்து எடுத்தாரு. சர்ச்சு வாசல்ல மாப்பிள்ளையோட அம்மா அவரு கேமராவை வாங்கிப் பார்த்தாங்க. நானும் பின்னாடி நின்னு எட்டி எட்டிப் பார்த்தேன்.

"அட, மாதா படத்துல மாதிரி தலைக்கு மேல ஒளிவட்டம்! இது என்ன லைட்டு?"

என் வீட்டுக்காரரு நெஞ்சை நிமித்திக்கிட்டு, "நான் போட்டதுலா"ன்னாரு. என் தங்கச்சி சிரிச்ச சிரிப்புல கண்மை கரைஞ்சு வழிஞ்சுது.

அந்தப் படம் இப்ப ஜொகூர்ல அவ வீட்டு ஹால்ல தொங்குது. இங்க இவரு காரைக் கழுவுறப்பல்லாம் கேப்பாரு, "மிச்சக் கூரையையும் துடைச்சிடலாமா?"

"ஒண்ணும் வேணாம்"பேன். முழுசாத் துடைச்சா அவ உக்காந்த இடம் எதுன்னு தெரியாமப் போயிடும்.