ஆத்தா கேட்டு வந்த பதில்

பிறக்கும்போதே என் இடது கால் தொடையிலிருந்து கணுக்கால் வரை சிவந்திருந்ததாம். மென்று துப்பிய வெற்றிலைச் சாற்றை ஊற்றியதுபோல் என்பார்கள். வளர வளர அந்தக் கால் மட்டும் தடித்தது. மற்றதைவிட இரண்டு விரற்கடை நீண்டும் போனது. மேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் பாண்டி ஆடும் பிள்ளைகள் என்னைச் சேர்க்க மாட்டார்கள். சுவரோரம் உட்கார்ந்து பார்ப்பேன்.

ஆத்தாவும் தனிதான். என்னைச் சுமந்திருந்தபோது, அறுத்துக்கொண்டு ஓடிய கன்றைப் பிடிக்கக் கிரகண நேரத்தில் வெளியே போனாளாம். அதனால் வந்த வினை என்று அய்யாவின் அக்கா சொல்லிவிட்டாள். அதன்பின் ஊரில் எந்த வளைகாப்புக்கும் ஆத்தாவை அழைக்கவில்லை.

எனக்கு எட்டு வயதானபோது மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனோம். அய்யா வாசலில் வேப்பமரத்தடியிலேயே நின்றுகொண்டார். டாக்டரம்மா என் இரண்டு கால்களையும் நாடாவால் அளந்தார். சிவப்பின்மேல் விரலை அழுத்தி எடுத்துப் பார்த்தார்.

“வயித்துல உருவாகுறப்பவே இந்தக் கால்ல ரத்தக்குழாய் மாறி அமைஞ்சிருச்சு. சிவப்பும் வளர்த்தியும் அதாலதான். அடிபடாமப் பாத்துக்க. குட்டைக் காலுக்குச் செருப்பை உசத்தித் தைச்சுக் குடு.”

“கிரகணத்துல நான் வெளிய போனதால இல்லையா?”

“இல்லைம்மா. நீ செஞ்சு வந்தது எதுவுமில்லை.”

ஆத்தா என் பாவாடையைக் கால்மேல் இழுத்துவிட்டாள். பிறகு, “இதை எங்க வீட்டுக்காரருகிட்ட ஒருக்கா சொல்லுவீகளா?” என்றாள்.

“வரச் சொல்லு.”

ஜன்னல் வழியே பார்த்தேன். மரத்தடியில் ஆத்தா கையை அசைத்து ஏதோ சொன்னாள். அய்யா பஸ் வரும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஆத்தா தனியாகத் திரும்பி வந்து, “பஸ் போயிருமாம்” என்றாள்.

வலது செருப்புக்குக் கனத்த தோல் வைத்துத் தைத்தார்கள். நடை நேரானது. பள்ளிக்கூடம் போனேன். பெஞ்சில் என் பக்கத்து இடம் மட்டும் கடைசி வருஷம்வரை காலியாகவே கிடந்தது.

இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஆத்தா இறந்துபோனாள். சில மாதம் கழித்து, அய்யாவுக்குச் சோறு போடும்போது டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்.

“தெரியும்த்தா. பஸ்ஸுல வாரப்பவே உங்காத்தா சொல்லிட்டா.”

“பெறகு அத்தைகிட்ட ஏன் சொல்லலை?”

அய்யா வெறுஞ்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அக்கா மனசு நோகும்னு விட்டுட்டேன்.”

குழம்புச் சட்டியை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தேன். சாப்பிட்டாரா என்று திரும்பிப் பார்க்கவில்லை.