லேபல் கழன்ற ரின்கள்

கடையில் விலைகுறைப்பு என்று தகரத்தில் அடைத்த மீன் ரின்கள் ஆறு எடுத்தேன். ஒன்றைக் காதருகே வைத்துக் குலுக்கியபோது எனக்கே சிரிப்பு வந்தது.

அப்பாவுக்குத் துறைமுக வேலை நின்ற வருடம், மழையில் லேபல் கழன்ற ரின்களை ஒரு கடைக்காரர் மலிவாக விற்றார். அம்மா ஒரு சாக்கு நிறைய வாங்கிக் கட்டிலுக்கடியில் அடுக்கினார். அறையெல்லாம் துரு மணம். உள்ளே என்ன என்று குலுக்கித்தான் சொல்வார்.

"சத்தமே இல்லை, உள்ள கட்டியா இருக்கு. இது ரின்பால்தான். உன்ர பிறந்தநாளுக்குப் பாயாசம் வைப்பம்" என்று ஒன்றை அலுமாரியில் பூட்டிவைத்தார்.

பிறந்தநாளன்று சவ்வரிசி கொதிக்கும்போது அதை வெட்டினால், உள்ளே மீன். அம்மா அப்படியே குந்திவிட்டார்.

"மற்றதுகளையும் வெட்டுவம்" என்றார் அப்பா.

"இஞ்சாருங்கோ, அது ஒரு மாதச் சாப்பாடு."

"ஓம், தெரியும். கத்தியைத் தாரும்."

ஏழாவதில் பால் இருந்தது. வெட்டிய மீன் பழுதாகாமல் அடுத்த மூன்று நாளும் காய்ச்சிக் காய்ச்சி அதைத்தான் தின்றோம்.

காசு கட்டும் வரிசையிலிருந்து திரும்பிப் போய், முழுவிலைக்கு ஒரு ரின்பாலும் எடுத்தேன்.